நேர்முகத் தேர்வுக்குப் பின் வரும் மௌனம்



"'தகவல் சொல்கிறோம்' என்றுதான் அனுப்பினார்கள். இன்றோடு 18 நாட்கள் ஆகின்றன. நாமாகவே கேட்டால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுமோ என்று கூச்சமாயிருக்கிறது. கேளாமலிருந்தால் மறந்தே போவார்களோ என்று பயமாயிருக்கிறது."

மும்பையின் புறநகர் ஒன்றில், சிறிய நிறுவனமொன்றில் கணக்கராகப் பணிபுரியும் சகோதரர் ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார். ஊரிலிருக்கும் தாயார் ஒவ்வொரு மாலையும் அழைத்து, "என்னப்பா, ஏதாவது தகவல் வந்ததா?" என்று விசாரிக்கிறாராம். வீட்டு வாடகை அடுத்த மாதம் உயரப்போகிறதாம். கடிதத்தின் கடைசியில், பெரிய காரியமல்ல என்பதுபோல, இன்னும் ஒன்றையும் குறிப்பிட்டிருக்கிறார்: "எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்பி வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. இப்போதைய முதலாளியிடம் இம்மாத இறுதியில் விலகுவதாகச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்."

அந்தக் கடைசி வரிக்காகவே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டேன். சகோதரரே, மற்றவற்றைப் பிறகு பார்ப்போம். விலகுவதாகச் சொல்வதை மட்டும் இப்போது செய்யாதிருங்கள்.

நேர்முகத் தேர்வு முடிந்து நாம் படியிறங்கி வந்த பின்பு அந்த அலுவலகத்தினுள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம். நம்மை நேர்கண்டவர்கள் தங்கள் மதிப்பீட்டை எழுதி மனிதவளப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு அது வேலைக்கு நடுவே வந்த வேலை; ஆகையால் தாமதிக்கிறார்கள். அழைக்கப்பட்ட மற்றவர்களையும் பார்த்து முடிக்க வேண்டும். சம்பளத் தொகைக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரவேண்டியவர் வெளியூர் போயிருப்பார். சில சமயம், அதே நிறுவனத்தில் ஏற்கெனவே பணிபுரியும் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டிருப்பார். அவருக்குக் கொடுப்பதா, வெளியாளை எடுப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும். இவற்றில் ஒன்றுக்கும் உங்கள் தகுதியோடு சம்பந்தமில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஒரு பதவிக்கு ஒருவர் முதலாவதாகவும் வேறொருவர் இரண்டாவதாகவும் தெரிந்துகொள்ளப்படுகிறார்கள். முதலாமவர் இப்போதைய வேலையிலிருந்து விடுபட 30 நாட்களோ, 60 நாட்களோ, சில பெரிய நிறுவனங்களில் 90 நாட்களோ முன்னறிவிப்புக் காலத்தைக் கழித்தாக வேண்டும். அந்த இடைவெளியில் அவருக்கு வேறொரு நல்ல வாய்ப்பு வந்துவிடுவதும், பழைய நிறுவனமே சம்பளத்தை உயர்த்தி அவரை நிறுத்திக்கொள்வதும் நம் நாட்டு நகரங்களில் சாதாரணமாக நடக்கிறது. ஆகவே இரண்டாம் இடத்தில் உள்ளவரிடம் "இல்லை" என்று சொல்ல அந்நிறுவனத்துக்கு மனமில்லை. "ஆம்" என்று சொல்லவும் வழியில்லை. பேசாமலிருந்துவிடுகிறார்கள். முதலாமவர் வரவில்லை என்று தெரிந்த நாளில் அவர்கள் யாரை அழைப்பார்கள்? பெயரும் எண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரை. நேர்முகத் தேர்வுக்குப்பின் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதியிருந்தவர் அப்படி இருப்பார்.

இந்த மௌனம் மரியாதையற்ற வழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேரில் வரச்சொல்லி, பயணச் செலவும் ஒருநாள் சம்பளமும் இழக்கச் செய்த ஒருவருக்கு இரண்டு வரி பதில் எழுத எந்த நிறுவனத்துக்கும் நேரமில்லாமல் போகாது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 25 பேருக்குக் குறையாத பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்கண்டால், முடிவு எடுக்கப்பட்டதா என்பதை 45 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் நம்மைக் காக்க வராது. இங்கே நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பது கெஞ்சுவதாகாதா என்கிறார் சகோதரர். "வீட்டில் மிகவும் கஷ்டம், பிள்ளைகள் படிக்கிறார்கள், எப்படியாவது தயவு செய்யுங்கள்" என்று எழுதினால் அது கெஞ்சுவதே. "தேர்வு எந்நிலையில் இருக்கிறது?" என்பது அலுவலகக் கேள்வி, நாளைக்கு அதே நாற்காலியில் அமர்ந்து, பணம் தரவேண்டிய வாடிக்கையாளரிடம் நீங்கள் கேட்கப்போகிற கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதை நயமாகக் கேட்கத் தெரிந்தவர் என்பதே உங்களுக்கு ஒரு நற்சான்று.

நம் வீடுகளில் இன்னொரு தயக்கமும் உண்டு. "ஜெபித்துவிட்டோம், இனி மனிதனிடம் போய்க் கேட்பது அவிசுவாசமல்லவா?" என்கிறவர்கள் உண்டு. நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். கிஸ்லேயு மாதத்தில் உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கியவர், நிசான் மாதத்தில் ராஜா காரணம் விசாரித்தபோது வாய்மூடி நிற்கவில்லை. போய்வர எவ்வளவு காலமாகும் என்பதைச் சொன்னார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்டார். மரத்துக்காக வனக்காவலனுக்கும் ஒரு கடிதம் கேட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்பது கேட்குமுன்னே தெளிவாயிருந்தது.

இப்போது கேட்கும் முறைக்கு வருவோம். கேட்பது உண்மையில் நேர்முகத் தேர்வு நடக்கும் அறையிலேயே தொடங்குகிறது. எழுந்து விடைபெறுமுன், "முடிவு ஏறக்குறைய எப்போது தெரியவரும்? அதற்குமேல் நான் யாரிடம் விசாரிக்கலாம்?" என்று கேட்டுவிட்டால், பின்னால் வரும் தவிப்பில் பாதி குறைந்துவிடும். அவர்கள் வாயாலேயே ஒரு தேதி வந்துவிட்டது. அந்தத் தேதி கடந்தபின் கேட்பதில் கூச்சத்துக்கு இடமேது? வெளியே வந்தவுடன் நேர்கண்டவர் பெயர், பதவி, சொன்ன தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பெயர் மறந்துபோகும்.

அன்று மாலையோ மறுநாளோ நன்றி தெரிவித்து மூன்று நான்கு வரிகளில் மின்னஞ்சல் ஒன்று அனுப்புங்கள். அதில் வேலையைக் கேட்காதீர்கள். அறையில் பேசப்பட்ட ஏதேனும் ஒரு காரியத்தைக் குறிப்பிடுங்கள்: "தாங்கள் கேட்ட டேலி மென்பொருள் பயிற்சிச் சான்றிதழை இணைத்துள்ளேன்" என்பதுபோல. பத்துப் பேரைப் பார்த்தவருக்கு உங்கள் முகம் அதனால் நினைவுக்கு வரும்.

பிறகு அவர்கள் சொன்ன தேதி வரை காத்திருங்கள். தேதி ஒன்றும் சொல்லவில்லையானால் பத்து நாட்கள் பொறுப்பது போதும். சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாட்கள் கழித்து எழுதுங்கள். நம் சகோதரர் எழுதவேண்டியது ஏறக்குறைய இப்படியிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இவ்வளவே போதும்:

"மதிப்பிற்குரிய அம்மையீர், கணக்கர் பதவிக்காகக் கடந்த 6-ஆம் தேதி தங்கள் அலுவலகத்தில் நடந்த நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டேன். இரண்டு வாரங்களில் முடிவு தெரியவரும் என்று கூறியிருந்தீர்கள். அப்பதவியில் பணிபுரிய இப்போதும் ஆவலாயிருக்கிறேன். தேர்வு எந்நிலையில் உள்ளது என்பதையும், என்னிடமிருந்து மேலும் ஏதேனும் ஆவணம் தேவைப்படுகிறதா என்பதையும் தெரிவித்தால் நன்றியுள்ளவனாயிருப்பேன்."

கீழே பெயரும் கைபேசி எண்ணும். முன்பு அவர்கள் அனுப்பிய அழைப்பு மின்னஞ்சலுக்கே பதிலாக இதை அனுப்பினால், நீங்கள் யாரென்று அவர்கள் தேடவேண்டியதில்லை. ஆவணம் ஏதேனும் வேண்டுமா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். "முடிவு என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல அதிகாரமில்லாத எழுத்தர்கூட, ஆவணத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லலாம். சில இடங்களில் காரியம் நின்றிருப்பதே ஒரு காகிதத்தால்தான்.

செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் மும்பையிலோ பெங்களூரிலோ மருத்துவமனை வேலைக்குப் போகும்போது, அந்தந்த மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவைக் கேட்கிறார்கள். அதற்குத் தமிழ்நாட்டுக் குழுமத்தின் ஆட்சேபமின்மைச் சான்று வரவேண்டும். மருத்துவமனை மௌனமாயிருக்கிறது என்று நாம் வருந்திக்கொண்டிருக்க, அவர்களோ நம் பதிவுச் சான்று எங்கே என்று காத்திருப்பார்கள். "பதிவு மாற்றத்துக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்திருக்கிறேன், ரசீதை இணைத்துள்ளேன்" என்று எழுதுவது, பத்து முறை "என்னவாயிற்று?" என்று கேட்பதைவிடப் பயன் தரும்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். மும்பையிலும் தில்லியிலும் எதிர்முனையில் இந்தி ஒலிக்கும் என்பதாலேயே நம்மில் பலர் அழைப்பதில்லை. பெரிய இலக்கணமொன்றும் வேண்டாம். "நமஸ்தே மேடம். சே தாரீக் கோ அக்கவுண்டன்ட் கே லியே மேரா இண்டர்வியூ ஹுவா தா. குச் அப்டேட் ஹை க்யா?" என்பது போதும். சே தாரீக் என்றால் 6-ஆம் தேதி. உங்கள் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்றால், "கப் தக் பதா சலேகா?" என்று ஒரு தேதி கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாலும் குற்றமில்லை.

எந்த நேரத்தில் அழைக்கிறோம் என்பதிலும் பாதிக் காரியம் இருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறவர் அந்தப் பிரிவின் நாட்காட்டியை அறியாதவராயிருந்தால் எப்படி? மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 7-ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்டவேண்டும். 11-க்குள்ளும் 20-க்குள்ளும் ஜி.எஸ்.டி. தாக்கல்கள். அந்த நாட்களில் கணக்கு மேலாளரை அழைத்து "என் வேலை என்னவாயிற்று?" என்றால் அவர் முகம் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். 21-ஆம் தேதிக்குப்பின் அழைத்தால், "இவருக்கு நம் வேலை தெரியும்" என்று எண்ணக்கூடும். மருத்துவமனையானால் காலைச் சுற்றுப் பார்வை நேரத்தைத் தவிர்த்துப் பிற்பகலில் அழையுங்கள். பள்ளியானால் வகுப்புகள் முடிந்தபின். மத்திய வாரியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஆசிரியர் பணிக்கு மார்ச்சில் கேட்கும் கேள்விக்கு உள்ள பலன் மே மாதத்தில் இராது.

பெங்களூரில் பீன்யாவிலுள்ள சிறு பட்டறைகளில் கடைசல் இயந்திரமும் சி.என்.சி. இயந்திரமும் இயக்கும் வேலைக்கு மின்னஞ்சல் பெரும்பாலும் உதவாது. முதலாளியே மனிதவளப் பிரிவு. அவர் இயந்திரத்தண்டையிலேயே நிற்பார். அங்கே நேரில் போய் விசாரிப்பதே முறை. ஷிப்டு மாறும் நேரத்தையும் சம்பள நாளையும் தவிர்த்துவிட்டுப் போங்கள். பெரிய நிறுவனங்களுக்கு அப்படிப் போகாதீர்கள். வாயிற்காவலரைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் நல்ல பெயர் கிடைக்காது. வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றின் மூலமாகப் போயிருந்தால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். அவர்களைத் தாண்டி நிறுவனத்தை நேரடியாக அழைப்பதை இருவருமே விரும்புவதில்லை.

வேறொருவரை விட்டுக் கேட்கச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவியின் வேலைக்காகக் கணவர் அழைக்கிறார். மகளுக்காகத் தகப்பனார் அழைக்கிறார். சில சமயம் சபையின் மூப்பரைக்கூட அழைக்கச் சொல்கிறார்கள். அன்பினால் செய்கிறதுதான். ஆயினும் நிறுவனத்தின் காதுக்கு அது, "இந்தப் பெண் தன் காரியத்தைத் தானே பேசமாட்டாள்" என்றே கேட்கும். ஆங்கிலம் தடுமாறினாலும் அந்தச் சகோதரியே பேசட்டும்.

நாம் அழைப்பது ஒருபுறமிருக்க, அவர்கள் அழைக்கும்போது நாம் கிடைக்கிறோமா? தெரியாத எண்கள் எல்லாம் கடன் விற்கிறவர்கள் என்று எண்ணித் துண்டித்துவிடுகிறோம். நேர்முகத் தேர்வுக்குச் சென்றுவந்த நாட்களில் எடுத்துப் பேசுங்கள். கைபேசி பகலெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டில் இருந்தால், அழைப்பு வந்ததே தெரியாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை கைபேசியை அணைத்துவைக்கிறோம். அலுவலகங்கள் அழைக்கும் நேரமும் அதுவே. அணைக்காமல் ஒலியை மட்டும் நிறுத்திவையுங்கள்; கூட்டம் முடிந்ததும் பார்த்து அன்றே திரும்ப அழையுங்கள். மின்னஞ்சலில் தேவையற்றவை போய்விழும் பெட்டியையும் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். முந்தைய மேலாளரின் எண்ணைக் கொடுத்திருந்தால், இன்ன நிறுவனத்திலிருந்து விசாரிக்கக்கூடும் என்று அவருக்கு முன்னமே சொல்லிவையுங்கள்.

காத்திருக்கிறவனின் தவிப்பை அறிந்து வலைவீசுகிறவர்களும் இருக்கிறார்கள். "நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டுவிட்டீர்கள், சீருடைக்கும் பயிற்சிக்கும் இந்தத் தொகையை இன்று மாலைக்குள் அனுப்புங்கள், சம்பளத்தோடு திரும்பிவிடும்" என்று அழைப்பு வரும். விமான நிலைய வேலை என்று சொல்லி இப்படி ஏமாற்றுவது நாடெங்கும் நடக்கிறது. முறையான வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குக் கூலி கொடுக்கிறவர் முதலாளி. ஆளைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒருமாதச் சம்பளம் அளவுக்குக் கொடுக்கும். ஆகவே உள்நாட்டு வேலைக்கு உங்களிடமே பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடாதீர்கள். வெளிநாட்டு வேலையானால், அந்த முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்பதை இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அரசு வேலையின் வழி வேறு. மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே இல்லை. எழுத்துத் தேர்வும் திறன் தேர்வும்தான். பொதுத்துறை நிறுவனமோ அரசுத் துறையோ முடிவை அறிவிக்காமல் நீட்டித்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மத்திய அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களில் பதில் தரவேண்டும். தனியார் நிறுவனங்களிடம் இச்சட்டத்தைக் காட்ட முடியாது.

இனி விலகல் கடிதத்துக்கு வருகிறேன். "நீங்கள் எங்களுக்கு மிகவும் பொருத்தமானவர்" என்று முகமலர்ந்து சொன்னதும் வேலை அல்ல. "அடுத்த மாதம் சேரத் தயாராயிருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னதும் வேலை அல்ல. பதவி, சம்பளம், சேரவேண்டிய தேதி ஆகிய மூன்றும் எழுத்தில், நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்தபின்பே பழைய வேலையைப் பற்றிப் பேசவேண்டும். எழுத்து வந்தும் தாமதிப்பதுண்டு. 2022-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, பெரிய மென்பொருள் நிறுவனங்களின் பணி வாய்ப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருந்த இளைஞர்களில் சிலர், வேலையில் சேரும் நாளுக்காக 2024 வரை காத்திருந்தார்கள். கடிதம் உள்ளவர்கள் நிலையே அப்படியானால், நம் சகோதரரிடம் இருப்பது ஒரு வாய்வார்த்தை மட்டும். அவர் இப்போதைய முதலாளியிடம் சொல்லிவிட்டால், அந்த முதலாளி அன்று மாலையே வேறு ஆள் தேடத் தொடங்குவார். கணக்கரை மாற்ற ஒரு மாதம் போதும். அப்புறம் உயர்ந்த வாடகையை எதிலிருந்து கொடுப்பது?

ஆகையால் இன்றே அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். இன்றே வேறு இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள். முதல் இடத்துக்கு இது துரோகமல்ல. மின்னஞ்சலுக்கும் ஒரு வாரம் கழித்துச் செய்யும் தொலைபேசி அழைப்புக்கும் பதில் இல்லையானால், மேலும் இரண்டு வாரங்கள் கழித்து ஒரேயொரு கடைசி வரி எழுதலாம். அதற்குமேல் எழுதினால் அது தொந்தரவாகும். நேர்கண்டவரின் சொந்த வாட்ஸப் எண்ணுக்கு இரவு 10 மணிக்குக் "குட் நைட் சார்" அனுப்புவதும் அந்த வகைதான்; சிரிக்காதீர்கள், செய்கிறார்கள்.

தாயாருக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். "25-ஆம் தேதி நானே அழைத்துக் கேட்கப்போகிறேன் அம்மா, அதற்குமுன் தகவல் வராது" என்று ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள். தினமும் கேட்கமாட்டார்கள். 25-ஆம் தேதி மாலை நீங்களே முந்தி அழையுங்கள்.

"வேறொருவரைத் தெரிந்துகொண்டோம்" என்றே பதில் வந்தால், அதற்கும் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள்: தெரிவித்ததற்கு நன்றி, இதுபோன்ற இடம் மறுபடியும் வந்தால் என்னை நினைவில் கொள்ளுங்கள். மேலே சொன்னேனே, அந்த முதலாமவருக்கு இன்னும் 60 நாட்களோ 90 நாட்களோ இருக்கின்றன.